திரும்பி வந்த கத்தி

போன வாரம் மாமியார் பெல்ட்டம்மா போட்ட நிபந்தனையை நீங்கள் மறந்திருக்கலாம். மருமகள் மறக்கவில்லை.

"என் முத்திரையைத் தர்றேன். ஆனா ஒரே ஒரு கத்தி கோளாறுன்னு திரும்பி வந்தாலும் சரி, அன்னைக்கே உன் உலை இந்தப் பட்டறையை விட்டுப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம் அத்தை."

அதற்குப் பிறகுதான் முத்திரை வெளியே வந்தது. ஒரு வட்டம், நடுவில் ஓர் ஊசி. ஊரில் பாதி இடுப்புகளில், பெல்ட்டின் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் அது உட்கார்ந்திருக்கிறது. அந்த முத்திரை போட்ட பெல்ட் அறுந்ததாகச் சரித்திரம் கிடையாது. தொப்பை வளர்ந்து துளை போதாமல் வந்தவர்கள் உண்டு. அறுந்துவிட்டது என்று வந்தவர் ஒருவரும் இல்லை.

அப்பேர்ப்பட்ட முத்திரையை, மருமகள் செய்த முதல் கத்தியின் பித்தளைப் பூணில் மாமியாரே வைத்து, சுத்தியலால் ஒரே போடு போட்டுக் கொடுத்தார். கத்தி சந்தையில் மீன் வெட்டும் அம்மாளிடம் போனது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு ஒரு வாரம்தான்.

*

பட்டறை என்றால் நீளமாக ஒரே அறை. வாசல் பக்கத்துப் பாதி பெல்ட்டம்மாவுடையது. தோல் சுருள்கள், சாயக் கிண்ணங்கள், துளை போடும் உளிகள், மெழுகு தடவிய நூல் உருண்டைகள். பின்பக்கத்துப் பாதி மருமகளுடையது. உலை, பட்டடைக்கல், சாணை, எண்ணெய் நிரப்பிய உயரமான தகர டின். நடுவில் நிற்பவன் கணவன். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் அவனை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்று காலை பெல்ட்டம்மா பக்கிள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். டேப்பு ஒரு வாடிக்கையாளரின் இடுப்பை அளந்துகொண்டிருந்தான்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க சார். பெல்ட் உங்களுக்குத்தான், போட்டோவுக்கு இல்ல."

அவர் பெரிய மனது பண்ணி மூச்சை விட்டார். டேப்பு டேப்பைத் தளர்த்தினான்.

பின்பக்கம் மருமகள் இரண்டாவது கத்தியை முடித்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே ஒரு கத்திப் பட்டறையில் சம்மட்டி பிடித்தவள். வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அலகு தீட்டி முடிந்ததும் மண்ணெண்ணெய் தடவுவாள். சுத்தமாகத் துடைப்பாள். பிறகு சாக்பீஸ் பொடியைத் தூவிக் கொஞ்ச நேரம் சும்மா வைப்பாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும்.

இன்று கோடு போட்டது.

நுனியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, குறுக்கே, மயிரிழைபோல ஒரு கோடு. அவள் துடைத்துவிட்டு மறுபடி பொடி தூவினாள். மறுபடி அதே இடத்தில் அதே கோடு.

கெட்டது ஒரு கத்தி என்றால் போய்த் தொலைகிறது, இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். ஆனால் இதுவும் மீன்காரம்மாவின் கத்தியும் ஒரே கம்பியில் பிறந்தவை. ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, அதே எண்ணெயில் முக்கி எடுத்தவை. சிவக்கக் காய்ந்த அலகை நுனி கீழே பார்க்க டின்னுக்குள் இறக்கியபோது, இரண்டு தடவையும் அடியில் சடசடவென்று ஒரு சத்தம் கேட்டது. சூடு கொஞ்சம் கூடிப்போச்சு என்று நினைத்து விட்டுவிட்டாள்.

சரி, அந்த முதல் கத்திக்குப் பொடி தூவிப் பார்த்தாளா? இல்லை. அன்றைக்குப் பார்த்துத்தான் மாமியார் முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஆறு மாதமாக ஏங்கிய முத்திரை. சந்தோஷத்தில் கத்தியை அப்படியே நீட்டிவிட்டாள்.

வாடிக்கையாளர் போனதும் கணவனைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினாள்.

"அப்ப அந்தக்கா கத்தியிலயும் இருக்குமா?" என்றான் டேப்பு.

"இருக்கும். அவங்க நுனியைச் செவுளுக்குள்ள குத்தித் திருகித்தான் தலையைப் பிளப்பாங்க. அந்தத் திருகுல நுனி ஒடிஞ்சா கை வழுக்கி நேரா அலகு மேல போகும்."

டேப்பு தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு வாசலைப் பார்த்தான். அம்மா வருவதாகத் தெரியவில்லை.

"இங்க பாரு. விரிசல் கிரிசல்னு வாயைத் திறக்காத. பாலிஷ் போட்டுத் தர்றேன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடு. புதுசா ஒண்ணு அடிச்சுக் குடுத்துடலாம். கோளாறுன்னு திரும்பி வந்ததா ஆகாது. அம்மாவுக்கும் தெரியாது, உலையும் தப்பிக்கும்."

யோசனை மோசமில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நான் வர்றதுக்குள்ள அந்த டின்னைக் காலி பண்ணி வைங்க. எண்ணெயில என்னமோ இருக்கு."

"அம்மா கேட்டா?"

"கேட்டா சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

அதற்குள் அவள் தெருவில் இறங்கியிருந்தாள்.

*

சந்தையில் மீன்காரம்மாவின் கடையைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டாம், காது போதும்.

"பாருங்க சார், முள்ளே இல்லாத மாதிரி போகுது. கத்திக்காரி அடிச்ச கத்தி. அட, ஆளே வந்துட்டாளே. வாம்மா வா. ஆயுசு நூறு உனக்கு."

பலகை மேல் ஒரு பெரிய மீன் கிடந்தது. உடம்பு துண்டாகிவிட்டது, தலை மட்டும் பாக்கி. சுற்றிலும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். பக்கத்துக் கடை நண்டுக்காரர்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தனக்கும் ஒரு கத்தி சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"அக்கா, அந்தக் கத்தியை ஒரு நாள் குடுங்க. பாலிஷ் போட்டுத் தர்றேன்."

கணவன் சொல்லிக் கொடுத்த பொய் இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"பாலிஷா? என்ன, மீனு இதுல முகம் பார்க்கப் போகுதா? போம்மா, ஏவாரம் நடக்குற நேரத்துல. கடை கட்டினதும் வந்து எடுத்துக்க."

சொல்லிக்கொண்டே இடது கையால் மீன் தலையை அழுத்திப் பிடித்தாள் மீன்காரம்மா. கத்தி நுனி செவுளைத் தேடி இறங்கியது.

மருமகள் பலகைக்கு மேல் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்க்கா. இதுல விரிசல் இருக்கு. நுனி ஒடிஞ்சிடும்."

சந்தை இரைச்சலில் ரகசியம் பேச முடியாது. அவள் உரக்கவே சொன்னாள். காத்திருந்தவர்கள், நண்டுக்காரர், எதிர்வரிசையில் கருவாடு விற்பவர் எல்லோர் காதிலும் அது தெளிவாக விழுந்தது.

"என்னம்மா உளர்ற? ஒரு வாரமா வெட்டறேன். எங்க இருக்கு விரிசல்?"

"கண்ணுக்குத் தெரியாது. குடுங்க, காட்டறேன்."

மீன்காரம்மா அரை மனதாகக் கொடுத்தாள். மருமகள் கத்தியைக் கழுவித் துடைத்தாள். நுனியைப் பலகையின் வெடிப்பில் செருகி, ஈரச் சாக்கை மடித்து மேலே மூடினாள். நல்ல அலகு என்றால் இந்த மாதிரி அழுத்தினால் வளையும், விட்டதும் நிமிரும். அழுத்துவதற்கு முன் ஒரு நொடி, இது வளைந்துவிடக் கூடாதா என்று அவள் ஆசைப்பட்டாள். முழு மனதோடு ஆசைப்பட்டாள். பிறகு அழுத்தினாள்.

டக்.

சாக்கை எடுத்தபோது நகத்தளவு நுனி பலகையிலேயே நின்றது.

மீன்காரம்மா அந்தத் துண்டைப் பார்த்தாள். தன் இடது கையைப் பார்த்தாள். அவள் பேசாமல் நின்று அந்தச் சந்தை அதுவரை பார்த்ததில்லை.

நண்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நல்ல வேளை. நான் இன்னும் சொல்லி வைக்கல."

"உனக்கு எதுக்குய்யா கத்தி, உன் நாக்கே போதும். நண்டு ஓடுது, போய்ப் பிடி." அவரை அனுப்பிவிட்டு மீன்காரம்மா இவள் பக்கம் திரும்பினாள். "என் கை போயிருந்தா?"

"போயிருக்கும்க்கா. அதான் ஓடி வந்தேன்."

"பாலிஷுன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன். பார்க்காம கத்தியைக் குடுத்தது ஒரு தப்பு. இது ரெண்டாவது."

மீன்காரம்மா பழைய கத்தியைத் தேடி எடுத்து, அதன் மொண்ணை விளிம்பைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தக் கத்தியைக் கொண்டு தலையைப் பிளக்க மூன்று போடு போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு போடுக்கும் மருமகளை ஒரு முறை முறைத்தாள்.

"உங்க பெல்ட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"இனிமேதான் சொல்லணும்."

"என்ன சொல்லுவாங்க?"

"உலையை எடுக்கச் சொல்லுவாங்க. ஒரு கத்தி திரும்பி வந்தா எடுத்துடணும்னு பேச்சு."

"அது தெரிஞ்சேவா இத்தனை பேருக்கு முன்னாடி ஒடிச்சுக் காட்டின?"

மருமகள் நுனித் துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நேராகத்தான் விழுந்தது.

"எனக்கு வேற கத்தி வேணும்," என்றாள் மீன்காரம்மா. "இந்த மொண்ணையை வச்சு நான் மாரடிக்க முடியாது. அடுத்த சனிக்கிழமைக்குள்ள. எங்க அடிக்கிற, எப்படி அடிக்கிறன்றது உன் பாடு. இடம் இல்லன்னா, பின்னாடி நாங்க பெட்டி அடுக்குற கொட்டகை இருக்கு. சிமெண்டுத் தரை, தகரக் கூரை. மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு ஒழுகாது. வேணும்னா எடுத்துக்க. வேணாம்னா பேச்சை விடு. தள்ளு, ஏவாரத்தைப் பார்க்கணும்."

*

பட்டறையில் டேப்பு எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தபோது பெல்ட்டம்மா உள்ளே வந்தார்.

"எங்க அவ?"

"வெளிய."

"வெளியன்னா?"

"சந்தைக்கு."

பெல்ட்டம்மா பக்கிள் பையை வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். மேஜையில் பொடி தூவிய அலகு கிடந்தது. வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு. இத்தனை வருஷம் தோலில் நூலிழைப் பிசகைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண்ணுக்கு அந்தக் கோடு என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மீன்காரிகிட்ட போயிருக்காளா?"

மகன் தலையாட்டினான். மேற்கொண்டு மறைக்கத் தெம்பு இல்லை.

"அந்தக் கத்திக்கும் இதே கதியா?"

"அப்படித்தான் சொல்றா."

பெல்ட்டம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் முத்திரை போட்ட ஒரு பொருள் முதல் தடவையாக ஊர் நடுவே தலை குனியப் போகிறது. கோபம் வந்தது, நியாயமாகவே வந்தது. சொன்னபடி இன்றே உலையை எடுக்கச் சொல்ல வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லாத மனுஷி.

டின் காலியாகிக்கொண்டே வந்தது. எண்ணெய் முழுக்க இறங்கியதும் அடியிலிருந்து வேறொன்று வந்தது. எண்ணெயைவிட வேகமாக, தண்ணீராக. கருஞ்சிவப்பாக.

"துரு," என்றான் டேப்பு. "டின்னு அடியில துருப் பிடிச்சிருக்கு, தண்ணி விட்டிருக்கு. அதான் விஷயம்."

பெல்ட்டம்மா குனிந்து அதில் ஒரு விரலை நனைத்தார். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார். துரு என்றால் நெருநெருக்கும். இது நெருநெருக்கவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சிவப்பை அவருக்குத் தெரியும். கடையில் கிடைக்காத நிறம். பேண்டு வாத்தியக்காரர்கள் தங்கள் சட்டைக்குப் பொருத்தமாகக் கேட்டார்கள் என்று மூன்று சாயங்களைக் கலந்து அவரே கொண்டு வந்தது. பெல்ட்டுகளை நனைத்து எடுத்த அன்று வாசல் பக்கம் தொங்கவிட இடம் போதவில்லை. பின்பக்கத்து விட்டத்துக் கம்பியில் வரிசையாக மாட்டிவிட்டார். கம்பிக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது.

எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் தங்கிவிட்டால் மேலே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அலகின் நுனிதான் முதலில் போய் அதைத் தொடும். தொட்டதும் திடீரென்று குளிர்ந்து விரிசல் விடும்.

"துருவா இருக்கும், இல்லம்மா?" என்றான் மகன்.

துரு என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. பெல்ட்டம்மா விரலைத் துணியில் துடைத்தார். போகவில்லை. அவர் கலந்த சாயம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

*

பெல்ட்டம்மா தன் மேஜைக்குத் திரும்பியிருந்தபோது மருமகள் வந்தாள். நேராக மாமியாரிடம் போய்க் கத்தியையும் காகிதப் பொட்டலத்தையும் அவர் மேஜையில் வைத்தாள்.

"திரும்பி வந்துடுச்சு அத்தை. அங்கயே ஒடிச்சுக் காட்டிட்டேன். நாலு பேர் பார்த்தாங்க. பார்க்காம குடுத்தது நான்தான்."

பிறகு, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, பின்பக்கம் போய் உலையின் கேஸ் குழாயைக் கழற்ற ஸ்பானரை எடுத்தாள்.

டேப்பு அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று தெரியாமல் டேப்பைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான்.

"ஸ்பானரைக் கீழ வை," என்றார் பெல்ட்டம்மா.

மருமகள் திரும்பினாள்.

"உன் எண்ணெயில இருந்த தண்ணி என்னுது. இவன் துருன்னு சொல்றான். துரு இல்ல, என் சாயம். ஈர பெல்ட்டைக் கொண்டு வந்து உன் டின்னுக்கு மேல தொங்கவிட்டவ நான்."

இதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டம் முகத்திலும் தெரிந்தது. ஆனால் வார்த்தையைக் குறைக்கவில்லை.

மருமகள் டின்னிடம் போய்ப் பார்த்தாள். மேலே கம்பியைப் பார்த்தாள். சடசட சத்தத்துக்கு இப்போது விளக்கம் கிடைத்தது.

"மூடி இருக்குற டின்னுதான் அத்தை. மூடாம விட்டுட்டுப் போனது நான்."

"அது இருக்கட்டும். உலை இங்கயே இருக்கட்டும். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

டேப்புக்கு உயிர் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று வாயெல்லாம் பல்லாக அவன் சிரிக்கப் போனபோது, மனைவி தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் அத்தை."

"என்ன வேண்டாம்?"

"கோவத்துல சொல்லல. உங்க வேலைக்குத் தண்ணி இல்லாம முடியாது. என் வேலைக்குத் தண்ணி எட்டியே பார்க்கக் கூடாது. காஞ்ச அலகை முக்குற எண்ணெயில இன்னும் நாலு சொட்டு கூட விழுந்திருந்தா தீ கூரை வரைக்கும் போயிருக்கும். உங்க தோல் எல்லாம் இதே கூரைக்குக் கீழதான் இருக்கு. நாம ரெண்டு பேரும் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும் என்னைக்காவது ஒரு நாள் ஒருத்தர் மறந்துடுவோம்."

பெல்ட்டம்மா மறுத்துப் பேச வாயெடுத்தார். அவள் சொன்னதில் பிசகு கண்டுபிடிக்க முடியவில்லை.

"அதுவும் இல்லாம," என்றாள் மருமகள், குரல் கொஞ்சம் இறங்கியது, "தெரிஞ்சுதான் எல்லார் முன்னாடியும் ஒடிச்சேன். உலை போகும்னு முடிவு பண்ணிட்டுத்தான் அந்தக்கா கையைப் பிடிச்சேன். இப்ப நீங்க பாவம் பார்த்து விட்டுக்குடுத்து நான் இங்க நின்னா, ஒவ்வொரு கத்தியிலயும் உங்க முகத்தைத்தான் பார்த்துட்டு இருப்பேன். அலகைப் பார்க்க மாட்டேன்."

"எங்க போவ?"

"சந்தைக்குப் பின்னாடி ஒரு கொட்டகை தர்றேன்னாங்க. சின்ன இடம், ஆனா ஒழுகாது. சனிக்கிழமைக்குள்ள அவங்களுக்குக் கத்தி தர்றதா வாக்குக் குடுத்திருக்கேன். உலை இங்க இருக்காது அத்தை. ஆனா அணையாது."

குழாயின் நட்டு இறுகிப் போயிருந்தது. அவள் ஸ்பானரைப் போட்டு உடம்பின் முழு பாரத்தையும் கொடுத்துத் திருகினாள். டேப்பு உதவிக்குப் போவதா வேண்டாமா என்று நின்றவன், கடைசியில் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுப் போய் உலையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது இதுதான் முதல் தடவை. அம்மா அதைக் கவனித்தார்.

நட்டு கழன்றது. இருவரும் உலையை வாசல் வரை தூக்கி வந்துவிட்டார்கள். பெல்ட்டம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு தோல் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கத்தி அடிச்சிடுவ. உறை யாரு தைப்பா?"

மருமகள் உலையைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஒடித்தபோது தெரிந்துதான் ஒடித்தாள், வரும்போதும் எல்லாம் யோசித்துத்தான் வந்தாள். இந்த ஒரு கேள்வியை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை. உலையை வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினாள்.